ஒரே டுரியானை ஆறு முறை விற்றவர்

செபாஸ்டியனுக்கு ஏலம் போடும் லைசென்ஸ் கிடைத்த அன்று, பினாங்கின் டத்தோ கிராமாட்டில் இருந்த அவர் வீட்டுச் சுவரில் திரு இருதய ஆண்டவர் ஒரு சாண் இடது பக்கம் நகர வேண்டியிருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்ட லைசென்ஸ் அவர் பக்கத்தில் ஏறியது. சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்ற வந்த அவர் மனைவி அக்னஸ், எரியும் நெருப்புக்குச்சியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"என்னங்க, இதுக்கும் சேர்த்து முழங்கால் போடணுமா?"

"போட்டா ஒண்ணும் குறைஞ்சு போயிடாது," என்றார் செபாஸ்டியன்.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தக் காகிதத்துக்காகத் தன் இளமை முழுவதும் மணி அடித்தவர் அவர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ஜார்ஜ் டவுனில் ஏலம் என்றால் முதலில் தெருவில் மணிச் சத்தம் கேட்கும். பின்னாலேயே, "லேலோங்! லேலோங்!" என்ற குரல். ஊருக்குத் திரும்பும் துரைமாரின் பியானோ, கடன்பட்ட செட்டியார் கடையின் அலமாரி, கப்பலில் நனைந்துபோன துணிமூட்டை, எதுவானாலும் அந்தக் குரல்தான் முன்னறிவிப்பு. பீச் ஸ்ட்ரீட்டில் இருந்த ஒரு வெள்ளைக்கார ஏலக் கம்பெனிக்குச் செபாஸ்டியன்தான் மணிக்காரர். தமிழ்த் தெருவில் தமிழில் கூவுவார், சீனத் தெருவில் ஹொக்கியனில், மற்ற எல்லா இடத்திலும் மலாயில். பொருளைப் பார்க்காமலேயே அதைப் பற்றிப் பத்து நிமிடம் பேச அவரால் முடியும். ஒரு முறை ஒரு துரையின் குளிக்கும் தொட்டியைப் பற்றித் தெருத்தெருவாக அவர் பேசிய பேச்சில், அதுவரை குளிக்கும் தொட்டியையே கண்டிராத காப்பிக்கடைக்காரர்கள் மூன்று பேர் அதற்காகச் சண்டை போட்டார்கள். ஜெயித்தவர் அதில் சோடா பாட்டில்களை அடுக்கி ஐஸ் போட்டு வைத்தார். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது.

ஆனால் மணி வேறு, சுத்தியல் வேறு. மணியை யார் வேண்டுமானாலும் ஆட்டலாம். சுத்தியலைத் தட்ட லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் முதலாளியின் பெயரில் இருந்தது. முதலாளிக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள், செபாஸ்டியன் மேடையில் ஏறி ஒரு பங்களாச் சாமான் முழுவதையும் கூவினார். ஒவ்வொரு பொருளுக்கும் கடைசித் தட்டு வரும்போது, பிரம்பு நாற்காலியில் கம்பளி போர்த்திக் கிடந்த முதலாளி கையை நீட்டி 'டொக்' என்று தட்டிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

"பிள்ளைய நான் பெத்தேன், பேரு அவர் வச்சாரு," என்று செபாஸ்டியன் அன்று அக்னஸிடம் புலம்பினார்.

முதலாளி சீமைக்குத் திரும்பியதும் செபாஸ்டியன் தன் பெயருக்கே மனுப் போட்டார். கோயில் சாமியார் நன்னடத்தைக் கடிதம் கொடுத்தார். ஆள் எப்படி என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வந்தார். "நல்ல மனுஷன்தான், ஆனா சத்தம் தாங்க முடியல," என்று எல்லா வீட்டிலும் ஒரே பதில் கிடைத்தது. ஏலக்காரனுக்கு அது குறையில்லை என்று அரசாங்கம் முடிவு செய்திருக்க வேண்டும். லைசென்ஸ் வந்துவிட்டது.

வந்த பிறகு அது சுவரில் தங்கவே இல்லை. ஏலம் நடக்கும் இடத்தில் லைசென்ஸ் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்று விதியைப் படித்திருந்தார் செபாஸ்டியன். எப்போது எங்கே ஏலம் வாய்க்கும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே கண்ணாடிச் சட்டத்துக்கு ஒரு கயிறு கட்டி, கோயிலில் மந்திரித்துத் தரும் உத்தரியம் போலக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"பாசாருக்கு மீன் வாங்கப் போறதுக்கு எதுக்குங்க லைசென்ஸ்?"

"மீன்காரன் விலைய ஏத்திச் சொல்றான், நான் இறக்கிக் கேக்குறேன். அதுவும் ஒரு மாதிரி ஏலந்தானே அக்னஸ்?"

"அப்ப நீங்க மேடையில ஏறுங்க, நான் மீன் வாங்கிட்டு வரேன்."

ஜூன் மாதம் பிறந்தது. கோடி அற்புதர் அந்தோணியாரின் திருநாள் வந்தது.

டத்தோ கிராமாட்டில் தமிழர் குடியிருப்புக்கு நடுவே தகரக் கூரை போட்ட சின்ன அந்தோணியார் கோயில் ஒன்று இருந்தது. திருநாள் பூசை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களை முற்றத்தில் ஏலம் விடுவது வழக்கம். கோழி, தேங்காய், பூசணிக்காய் எல்லாம் வரும். மகுடம் மட்டும் டுரியான், பலாவைப் போல முள்தோலும் தெருவையே கூட்டும் வாசனையும் கொண்ட பழம். அதைக் கொண்டுவருபவர் பாலிக் புலாவில் தோட்டம் வைத்திருந்த சின்னையா. அவர் இந்து. ஒரு முறை காணாமல் போன அவருடைய மாடு, அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்ட மறுநாள் தானாக வீடு வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து 'ராஜாத்தி' என்று அவர் பெயர் வைத்திருந்த மரத்தின் முதல் பழம் கோயிலுக்கு வந்துகொண்டிருந்தது.

அந்த டுரியான் ஏலத்துக்கு ஒரு தனி முறை உண்டு. ஏலத்தில் எடுத்தவர் பணத்தைத் தட்டில் போடுவார், பழத்தைத் தொட்டு, "அந்தோணியாருக்கே!" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதே பழம் மறுபடி ஏலத்துக்கு வரும். அடுத்தவர் எடுப்பார், அவரும் கொடுப்பார். கூட்டத்தின் கைப்பணமும் தொண்டையும் தீரும்வரை பழம் சுற்றும். கடைசியில் அதை உடைத்து இருக்கிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சுளை. ஊருக்கே இது தெரியும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் காவடித் தண்டில் சோறும் குழம்பும் சுமந்து நாசி கண்டார் விற்ற நூர் முகம்மதுகூட வருடம் தவறாமல் காவடியை இறக்கி வைத்துவிட்டு ஒரு தடவை எடுத்துக் கொடுப்பார். "சாமி உங்களுது, டுரியான் எல்லாருக்கும்லா," என்பார்.

ஒவ்வொரு வருடமும் இந்த ஏலத்தைப் போட்டது செபாஸ்டியன்தான். முன்பெல்லாம் கவிழ்த்துப் போட்ட உரலில் ஏறி நின்று மூன்று முறை கை தட்டுவார். அவ்வளவுதான். அந்த வருடம் அவர் லைசென்ஸ்காரர். உரல் போய் மேஜை வந்தது. பெயர்ப்பலகை வந்தது. கழுத்தில் லைசென்ஸ், கையில் சுத்தியல். அந்தோணியாரையே தன்னிடம் சரக்குக் கொடுத்த வியாபாரி மாதிரி அறிமுகப்படுத்தினார்.

முதல் ஏலம் நூர் முகம்மதுக்கு. பழம் திரும்பி வந்தது. இரண்டாவது ஒரு தையற்காரருக்கு. அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவது முறை பின்வரிசையிலிருந்து ஒரு புதுக் குரல்.

"மூணு வெள்ளி!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வெள்ளைக் கோட்டு, மடித்த குடை, பளபளக்கும் சப்பாத்து. ஈப்போவிலிருந்து அந்த வாரந்தான் மாற்றலாகி வந்திருந்த ராமதாஸ் என்ற கிளார்க். கூட்டத்தைப் பார்த்து நுழைந்தவர். டுரியான் வாசனை அவரை முன்வரிசைக்கே இழுத்து வந்தது.

டொக், டொக், டொக். ராமதாஸ் பணத்தைத் தட்டில் போட்டார். கைக்குட்டையை விரித்தார், பழத்தைச் சுற்றினார், வாசலில் நின்ற ரிக்‌ஷாவை நோக்கி நடந்தார்.

கூட்டம் சிரித்து உருண்டது. இப்படி ஒரு நடிப்பை இதுவரை யாரும் போட்டதில்லை. ரிக்‌ஷாவில் ஒரு காலை வைத்துவிட்டவரின் கையிலிருந்து அக்னஸ் பழத்தை வாங்கிக்கொண்டாள்.

"போதும் தம்பி, வயிறு வலிக்குது," என்று கண்ணைத் துடைத்தபடி கொண்டுவந்து மேஜையில் வைத்தாள்.

"அது என்னோட பழம்!" என்று ராமதாஸ் கத்தினார். பேண்டு வாத்தியம் அந்த நேரம் பார்த்துத் தொடங்கியது. வாயசைவு மட்டும் தெரிந்தது. அதற்கும் கை தட்டினார்கள். பழம் இன்னும் மூன்று முறை விற்றது. உடைத்தபோது விருந்தாளி என்று அவருக்கு ஒரு பெரிய சுளையைக் கையில் வைத்தார்கள்.

அந்தச் சுளைதான் வினை. வெறும் கோபத்தோடு வீட்டுக்குப் போயிருந்தால் தூங்கி எழுந்து மறந்திருப்பார். ராஜாத்தியின் சுளையைத் தின்றுவிட்டுப் போனார். தனக்குச் சேர வேண்டிய மீதிச் சுளைகளை நினைத்து நினைத்து, மறுநாள் காலை ஏலக்காரர் லைசென்ஸைக் கவனிக்கும் துரையிடம் புகார் கொடுத்துவிட்டார். லைசென்ஸ் பெற்ற ஒருவர், பெயர்ப்பலகை வைத்து, சுத்தியல் தட்டித் தனக்கு விற்ற பொருளை, அவர் மனைவி தன் கையிலிருந்து பறித்ததும், மற்றவர்களுக்கு விற்றார். ஒரே பழம், ஆறு விற்பனை.

சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. கை தட்டி விற்றிருந்தால் அது கோயில் காணிக்கை. லைசென்ஸை மாட்டிக்கொண்டு சுத்தியலால் தட்டியதால் அது சட்டப்படி ஏலம். தன் பெருமையைத் தானே கழுத்தில் கட்டிக்கொண்டு போய் மாட்டிக்கொண்டார்.

அக்னஸ் கூடை நிறைய டுரியானோடு ராமதாஸ் வீட்டுக்குச் சமாதானம் பேசப் போனாள். உடன் சின்னையாவும் போனார். ராமதாஸ் மரியாதையாக உட்கார வைத்தார். பழங்களை ஒவ்வொன்றாக உடைத்தார், தின்றார், கை கழுவினார்.

"நல்ல பழம் அக்கா. ஆனா இது வேற மரம்."

அக்னஸ் சின்னையாவைப் பார்த்தாள். சின்னையா தலையைச் சொறிந்தார்.

"வேற மரந்தான். மனுஷனுக்கு நாக்கு இருக்கு, என்ன பண்றது?"

விசாரணை நாளில் துரையின் அறைக்குள் டத்தோ கிராமாட்டே வந்து நின்றது. துரை இளைஞர், ஒல்லி. மதராஸில் ஒரு முன்ஷியிடம் தமிழ் படித்தவர். புத்தகத்தில் இருந்த தமிழ் முழுவதும் அவருக்குத் தெரியும். தெருவில் இருந்த தமிழ்தான் தெரியாது.

"அப்பழம் எவருக்கு உரியது?" என்று தொடங்கினார்.

"அந்தோணியாருக்கு, துவான்," என்றார் செபாஸ்டியன்.

"அவர் எவ்விடத்தில் வசிக்கிறார்?"

"டத்தோ கிராமாட்ல, துவான். பரலோகத்திலயும் இருப்பாரு."

"அவரை இங்கு அழைக்க இயலுமோ?"

"கூப்பிட்டா வருவாரு துவான்," என்று பின்னாலிருந்து நூர் முகம்மது உதவிக்கு வந்தார். "ஆனா ஏதாச்சும் தொலைஞ்சிருக்கணும்லா. அப்பத்தான் வருவாருன்னு சொல்றாங்க."

"எங்க வீட்டுக்காரர் லைசென்ஸ் தொலையப் போகுதே, அது போதாதா?" என்றாள் அக்னஸ்.

துரை ராமதாஸிடம் திரும்பினார்.

"நீர் அப்பழத்தில் உண்டீரா?"

"ஒரே ஒரு சுளை சார்."

"அது எவ்வாறு இருந்தது?"

ராமதாஸ் உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டார்.

"சார், அதை ஏன் கேக்குறீங்க," என்றார்.

துரை பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். அவர் மனதில் இருந்த கேள்வி ஒன்றுதான். வாங்குகிறவர் தாமாகத் தருகிறாரா, அல்லது பறிக்கப்படுகிறதா? தாமாகத் தந்தால் அது தானம். எத்தனை முறை விற்றாலும் குற்றமில்லை. பறித்தால் அது ஏமாற்று ஏலம், லைசென்ஸ் ரத்து. இதை அவர் தம் கண்ணால் பார்க்க வேண்டும். வரும் வியாழக்கிழமை, இதே அறையில், அதே மரத்துப் பழத்தை அதே மாதிரி ஏலம் போட வேண்டும். மனமில்லாமல் ஒருவர் கொடுத்தாலும் போதும், லைசென்ஸ் திரும்பாது. அதுவரை அது துரையின் மேஜையில் இருக்கும்.

செபாஸ்டியன் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கையை நெஞ்சில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார்.

அந்த வாரம் அவர் வாயைத் திறக்கவே பயந்தார். சத்தமாகப் பேசினால் ஏலமாகிவிடுமோ என்ற பயம். மீன்காரர், "கெம்போங் மீனு, அரைக் கட்டி எடை, என்ன வெலைக்குக் கேக்குறீங்க அண்ணே?" என்றதும் கையை வீசி மறுத்துவிட்டு ஓடி வந்தார். அக்கம்பக்கத்தில் முதல் இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினார்கள். மூன்றாம் நாள், "செபாஸ்டியன் அண்ணனுக்கு உடம்புக்கு என்ன?" என்று கஞ்சி கொண்டுவந்தார்கள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ராஜாத்தியில் அந்த வருடத்துப் பழம் இரண்டுதான் பாக்கி. டுரியானைப் பறிக்கக் கூடாது, பழுத்துத் தானாக விழ வேண்டும். அரசாங்கம் வியாழக்கிழமை என்று சொல்லிவிட்டது. மரத்துக்கு யார் சொல்வது?

"அந்தோணியாருக்குப் பதிமூணு செவ்வாய் வேண்டிக்கணும்," என்றாள் அக்னஸ். "நம்மகிட்ட ஒரே செவ்வாய்தான் இருக்கு." ஆகவே அந்த ஒரே செவ்வாயில் பதின்மூன்று முறை கோயிலுக்குப் போய் வந்தாள். கடைசி மூன்று முறை ரிக்‌ஷாவில் போனாள், முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

வியாழக்கிழமை விடிந்தபோது பாலிக் புலாவில் சின்னையாவின் குடிசைத் தகரக் கூரையில் இடி விழுந்தது போல ஒரு சத்தம். ராஜாத்தி பழம் போட்டிருந்தாள். சின்னையா அதை மடியில் வைத்துக்கொண்டு மலைப்பாதையில் வந்த பஸ்ஸில் ஏறினார். பஸ் முழுக்க விலை கேட்டார்கள். "இது கோர்ட்டுக்குப் போற பழம், தொடாதீங்க!" என்று ஊர் வந்து சேரும்வரை அதை அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

துரை பச்சைத் துணி விரித்த தம் மேஜையில் இடம் ஒதுக்கியிருந்தார். பினாங்குக்கு வந்து இரண்டு வருடமாகியும் டுரியானைத் தெருவின் மறுபக்கத்திலிருந்து மட்டுமே பார்த்தவர் அவர். சின்னையா பழத்தை அவர் மூக்குக்கு நேராக வைத்ததும் நாற்காலியோடு சேர்ந்து பின்னுக்கு நகர்ந்தார்.

"தொடங்கு," என்றார்.

"முடியாதே துவான். லைசென்ஸ் உங்ககிட்ட இருக்கு. நான் இப்பக் கூவினா அது குத்தம்."

துரை மேஜைக்கு மேலாக லைசென்ஸை நீட்டினார்.

"இவ்வேலம் முடியும் வரையில் மட்டும்."

செபாஸ்டியன் கண்ணாடியை முத்தமிட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஒரு வாரம் அடைபட்டிருந்த குரல் அணை உடைந்து வந்தது. "லேலோங்! லேலோங்! பாலிக் புலாவ் ராஜாத்தி! மலையில பொறந்தவ, பஸ்ஸில வந்தவ, துவான் மேஜையில குந்தியிருக்கிறவ!" கீழே தெருவில் போன ரிக்‌ஷாக்கள் நின்றன. வராந்தா நிரம்பியது. மாடிப்படி நிரம்பியது. பக்கத்து ஆபீஸ் கிளார்க்குகள் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

நூர் முகம்மது எடுத்தார். "அந்தோணியாருக்கே!" என்று திருப்பிக் கொடுத்தார். குளிக்கும் தொட்டி வாங்கிய அதே சீனக் காப்பிக்கடைக்காரர் எடுத்தார். "காசி பாலிக், காசி பாலிக்!" என்று மலாயில் சொல்லித் திருப்பிக் கொடுத்தார். துரையின் பியூன் எடுத்தார். துரை முறைத்ததும், "கோயில் காரியம் துவான்," என்று அவசரமாகத் திருப்பி வைத்தார். ஒருவர் கையும் தயங்கவில்லை. துரை மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

"நாலு வெள்ளி," என்றது ஒரு குரல்.

ராமதாஸ்.

அவருக்கு மேல் யாரும் கேட்கவில்லை, கேட்கத் தோன்றவில்லை. செபாஸ்டியனின் சுத்தியல் மூன்று முறை விழுந்தது. இந்த முறை அவரே மேஜையிலிருந்து பழத்தை எடுத்துக்கொண்டுபோய் ராமதாஸ் கையில் வைத்தார். அக்னஸ் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"சார், இது உங்க பழம்," என்றார் செபாஸ்டியன். "வீட்டுக்குக் கொண்டு போகலாம். யாரும் தொட மாட்டாங்க. போன தடவ கேட்காம வாங்கினது தப்பு. இப்பக் கேக்குறேன். என்ன பண்ணணும்னு நீங்கதான் சொல்லணும்."

ராமதாஸ் கைக்குட்டையை விரித்தார். பழத்தைச் சுற்றினார். வாசல்வரை நடந்தார். கூட்டம் வழி விட்டது. செபாஸ்டியனின் கை தானாகப் போய்க் கழுத்துக் கயிற்றைப் பிடித்தது. வாசலில் ராமதாஸ் நின்றார்.

"நான் திருப்பிக் கொடுத்தா மறுபடி ஏலம் போடுவீங்களா?"

"போடுவேன் சார்."

"நானும் மறுபடி கேக்கலாமா?"

"யாரு வேணாலும் கேக்கலாம்."

ராமதாஸ் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. பழத்தை ஒரு முறை ஜெயித்துக் கொண்டு போகலாம். அல்லது ஜெயித்துக்கொண்டே இருக்கலாம்.

"அப்ப இந்தாங்க. அந்தோணியாருக்கே. அஞ்சு வெள்ளி!"

மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். வராந்தா கூரை அதிர்ந்தது. அஞ்சு வெள்ளிக்கு எடுத்தார், கொடுத்தார். மறுபடி எடுத்தார், கொடுத்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். குடையைத் தூக்கித் தூக்கிக் கேட்டார்.

"ஏழு! ஏழரை! எட்டு!"

"சார், சார், உங்களுக்கு மேல நீங்களே கேக்கக் கூடாது!" என்று செபாஸ்டியன் கெஞ்சினார். "லைசென்ஸ் போயிடும்!"

"அப்ப யாராவது கேளுங்கய்யா!" என்று ராமதாஸ் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். கூட்டம் கேட்டது.

வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. ராஜாத்தி அதுவரை பொறுமையாக இருந்தாள். செபாஸ்டியன் எட்டரை வெள்ளிக்கு இரண்டாவது தட்டுத் தட்டி, மூன்றாவதற்குக் கை ஓங்கியபோது, மேஜையில் படக்கென்று ஒரு சத்தம். பழம் தானாக வாய் பிளந்தது. உள்ளே அடைபட்டிருந்த வாசனை முழுவதும் பச்சைத் துணியின் மேல் எழுந்தது. கூட்டம் "ஆஹா" என்றது. துரை ஜன்னலுக்குப் பாய்ந்தார்.

"போதும்! போதும்! கண்டேன்! மனமுவந்தே தருகின்றனர்! எவரும் பறிக்கவில்லை!" ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடியே தீர்ப்புச் சொன்னார். "லைசென்ஸ் உனக்கே! ஆயின் ஒரு கட்டளை! இனி இவ்வேலம் தொடங்கு முன், அந்நியரும் அறியுமாறு இவ்வழக்கத்தை எல்லா மொழிகளிலும் உரக்கக் கூவ வேண்டும்! இப்பொழுது அதனை அகற்று! உடனே!"

"துவான், இன்னும் ஒரு தட்டு பாக்கி," என்றார் செபாஸ்டியன்.

"கீழே போய்த் தட்டு!"

சுத்தியல், பழம், கூட்டம் எல்லாம் ஒன்றாக மாடிப்படியில் இறங்கின. கடைசிப் படியில் செபாஸ்டியன் மூன்றாவது தட்டைத் தட்டினார். எட்டரை வெள்ளிக்கு ராமதாஸ். இந்த முறை யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அவரே பழத்தைச் சின்னையாவிடம் கொடுத்து உடைக்கச் சொன்னார். முதல் சுளையைச் செபாஸ்டியனுக்கு நீட்டினார். இரண்டாவதை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

"இதுதான். இந்த மரந்தான்."

"அதான் நாக்கு," என்றார் சின்னையா, பெருமையாக.

கையில் ஒட்டிய சதையை நக்கிக்கொண்டிருந்த அக்னஸ் திடீரென்று நிமிர்ந்தாள்.

"என்னங்க, லைசென்ஸ் எங்க?"

செபாஸ்டியன் நெஞ்சைத் தடவினார். கயிற்றின் அறுந்த முனை மட்டும் தொங்கியது. ஓடி வந்த வேகத்தில் எங்கேயோ சிக்கிக்கொண்டு போயிருந்தது.

"அந்தோணியாரே!" என்றது கூட்டம் முழுவதும், நூர் முகம்மதையும் சேர்த்து.

அந்தோணியார் தாமதிக்கவில்லை. மாடி ஜன்னலிலிருந்து துரையின் கை வெளியே நீண்டது. இரண்டே விரலால் பிடித்த கண்ணாடிச் சட்டம், அடியில் டுரியான் சதை வழிய, ஆடிக்கொண்டிருந்தது. பழத்தைத் தூக்கிய அவசரத்தில் கயிறு அறுந்து, அது பழம் பிளந்த இடத்திலேயே மேஜையில் கிடந்திருக்கிறது.

அதன் பிறகு வருடா வருடம் ஜூன் மாதத்தில் டத்தோ கிராமாட் முழுக்க அந்தக் குரல் கேட்டது. தமிழிலும் மலாயிலும் ஹொக்கியனிலும், அவர் இங்கிலீஷ் என்று நம்பிய ஒன்றிலும். "எடுக்கிறவங்க திருப்பிக் கொடுக்கணும்! மனசில்லாதவங்க வாயத் திறக்காதீங்க!" முன்வரிசையில் ராமதாஸ் கோட்டை முன்னாலேயே கழற்றி வைத்துவிட்டுக் காத்திருப்பார். புதிதாக வருகிறவர்கள் தெரியாத்தனமாகப் பழத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தால், ஓடிப்போய் வழி மறிப்பவரும் அவர்தான். "தம்பி, குடுத்துப் பாருங்க. அப்புறந்தான் ருசி தெரியும்."

தீர்ப்பு வந்த அன்றே லைசென்ஸ் மறுபடி சுவரில் ஏறியது. அக்னஸ் அதை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாள், வெயிலில் வைத்தாள், சாம்பிராணி காட்டினாள். வாசனை போகவில்லை. அன்று சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்றி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அதன் முன் முழங்கால் போட்டாள். பிறகு எழுந்து, திரு இருதய ஆண்டவரை இன்னும் ஒரு சாண் இடது பக்கம் நகர்த்தி வைத்தாள்.